கணிதம் படித்த நான் வீடியோ கேம் டிசைனர் ஆக முடியுமா? எங்கிருந்து தொடங்க வேண்டும்?

வைகைக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் மதுரையைச் சேர்ந்தவள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் பி.எஸ்சி. கணிதம் முடித்தேன், இப்போது ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் வரவு செலவுகளை எக்செலில் ஏற்றிச் சரிபார்க்கும் வேலையில் இருக்கிறேன். வேலையில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் பள்ளி நாள்களிலிருந்தே என் மனம் வேறோரிடத்தில் இருக்கிறது. தம்பியின் கணினியில் ஒரு கேமை ஆடும்போது, அதில் வெல்வதைவிட, இந்தப் பள்ளம் ஏன் இவ்வளவு அகலமாக இருக்கிறது, இந்த எதிரி ஏன் கதவுக்கு நேரே நிற்காமல் பக்கவாட்டில் நிற்கிறான், மூன்றாவது கட்டத்தில் ஏன் நாணயங்கள் திடீரெனக் குறைகின்றன என்றெல்லாம் யோசிப்பதுதான் எனக்குப் பிடித்திருந்தது. நானே கட்டங்கள் வரைந்து நிரப்பிய நான்கு நோட்டுப் புத்தகங்கள் இன்னும் பீரோவில் இருக்கின்றன.

கேம் டிசைனர் என்று ஒரு தொழிலே இருப்பதைக் கல்லூரி இறுதியாண்டில்தான் அறிந்தேன். அண்மையில் ஒரு பயிற்சி நிறுவனத்துக்குச் சென்று விசாரித்தேன். ஓராண்டு டிப்ளமோவுக்கு நான்கரை லட்சம் ரூபாய் கேட்டார்கள். அங்கே காட்டிய மாணவர் படைப்புகள் எல்லாம் முப்பரிமாணச் சிற்பங்களாகவும் வாள், கவசம் போன்ற பொருள்களாகவும் இருந்தன. ஆடிப் பார்க்கக்கூடியதாக ஒன்றைக்கூடக் காட்டவில்லை. டிசைனர் ஒரு நாள் முழுவதும் என்ன செய்வார் என்று கேட்டதற்கு, சேர்ந்த பிறகு தெரியும் என்ற பதிலே கிடைத்தது.

என் தந்தை, தெளிவான வழி ஒன்றைக் காட்டினால் ஓராண்டு முயன்று பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார். ஆகவே இத்துறையில் இருப்பவர்களிடம் கேட்கிறேன். எனக்குப் படம் வரைய வராது, அது தடையாகுமா? கோடிங் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டுமா? டிப்ளமோ இல்லாமல் வேலை கிடைக்குமா? எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த வேலைக்கு வேண்டிய திறமை என்னிடம் இருக்கிறதா என்பதை, பணத்தைச் செலவழிக்கும் முன்பே சோதித்துப் பார்க்க வழி ஏதும் உண்டா?


தளக்கோடு எழுதியது:

தங்கைக்கு வணக்கம். நான் புனேயில் பதினோரு ஆண்டுகளாக லெவல் டிசைனராக, அதாவது கேமின் கட்டங்களை (தளங்களை) வடிவமைப்பவராகப் பணியாற்றுகிறேன். உங்கள் கடைசிக் கேள்விதான் மிக முக்கியமானது என்பதால் அதற்குச் சற்று விரிவாகவே பதில் சொல்கிறேன்.

முதலில் வேலை என்ன என்பதைப் பார்ப்போம். ஒரு வாளின் உருவத்தை ஓவியர் வரைகிறார். பொத்தானை அழுத்தினால் அந்த வாள் சுழலும்படி நிரலர் செய்கிறார். அது சுழல எத்தனை நொடி ஆக வேண்டும், பட்டால் எதிரியின் உயிர் எவ்வளவு குறைய வேண்டும், குறி தவறினால் ஆடுபவர் எவ்வளவு நேரம் தடுமாறி நிற்க வேண்டும், அந்தத் தடுமாற்றத்தைப் பயன்படுத்தும் எதிரியை எந்தக் கட்டத்தில் முதன்முதலாக அறிமுகப்படுத்த வேண்டும் என்பவற்றை முடிவு செய்பவர் டிசைனர். அவர் விதிகளை எழுதுகிறார். அந்த விதிகள் ஆடுபவரின் கையில் என்னவாக மாறுகின்றன என்று பார்க்கிறார். பார்த்ததை வைத்து விதிகளைத் திருத்துகிறார். என் நாளின் பெரும்பகுதி, நேற்று யாரோ ஆடிப் பார்த்ததன் குறிப்புகளைப் படிப்பதிலும், கேமை உருவாக்கும் மென்பொருளான இன்ஜினில் சாம்பல் நிறப் பெட்டிகளை அடுக்கிப் புதிய தளத்தின் அளவுகளைச் சோதிப்பதிலும், ஸ்ப்ரெட்ஷீட்டில் எண்களை மாற்றுவதிலும், ஓவியர்களுக்கும் நிரலர்களுக்கும் ஐயமின்றிப் புரியும்படி எழுதிக் கொடுப்பதிலும் கழிகிறது.

ஓர் எடுத்துக்காட்டைச் சொல்கிறேன். 1985-இல் நின்டெண்டோ வெளியிட்ட சூப்பர் மாரியோ பிரதர்ஸின் முதல் கட்டத்தை நீங்கள் ஆடியிருப்பீர்கள். அதில் எழுத்தால் தரப்பட்ட விளக்கம் ஒன்றுகூட இல்லை. மாரியோ திரையின் இடப்பக்கத்தில் நிற்கிறார். வலப்பக்கம் வெறுமையாக இருக்கிறது. ஆகவே கை தானாக வலப்பக்கம் நகர்கிறது. சற்று நேரத்தில் ஓர் எதிரி எதிரே நடந்து வருகிறது. அதைத் தாண்ட முயலும்போது குதிக்கும் பொத்தானைக் கற்றுக்கொள்கிறோம். பின்னர் கேள்விக்குறியிட்ட பெட்டியை முட்டினால் ஒரு காளான் வெளிவந்து வலப்பக்கம் ஓடுகிறது. அங்கிருக்கும் குழாயில் மோதித் திரும்பி நம்மை நோக்கி வருகிறது. எதிரியைப் போலத் தோன்றும் அதிலிருந்து தப்பிக்க நினைத்தாலும், மேலே செங்கற்கள் இருப்பதால் எளிதில் தப்ப முடிவதில்லை. அது நம்மீது படுகிறது, நாம் பெரிதாகிறோம், காளான் நல்லது என்று தெரிந்துவிடுகிறது. குழாயும் செங்கற்களும் அந்த இடத்தில் இருப்பது அழகுக்காக அல்ல. இதை வடிவமைத்த ஷிகெரு மியாமோட்டோ தொழில் வடிவமைப்பு படித்தவர்.

பள்ளம் ஏன் இவ்வளவு அகலம் என்று நீங்கள் கேட்டீர்களே, அந்தக் கேள்விக்கு இந்தத் தொழிலில் உண்மையாகவே எண்ணில் விடை இருக்கிறது. 2018-இல் வந்த செலஸ்ட் என்ற கேமில், மேடையின் ஓரத்தைக் கால் தாண்டிய பிறகும் 0.1 நொடி வரை குதிக்க அனுமதி உண்டு. ஆடுபவர் ஓரத்தில் நின்று சரியாகக் குதித்ததாகவே நம்புகிறார். கணக்குப்படி அவர் தாமதித்திருப்பார். அந்த 0.1 நொடியை எடுத்துவிட்டால் அதே கேம் நியாயமற்றதாகத் தோன்றும். ஆடுபவரின் மனத்தில் இருக்கும் உலகத்துக்கும் கணினியில் இருக்கும் உலகத்துக்கும் இடையிலான இந்த இடைவெளியை உணர்வதுதான் டிசைனரின் முதல் திறமை என்று நான் நினைக்கிறேன்.

உங்கள் கணிதம் எங்கே பயன்படும் என்பதற்கும் ஒரு கணக்கு. ஒரு பெட்டியைத் திறந்தால் அரிய பொருள் கிடைக்கும் வாய்ப்பு 5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 20 முறை திறந்தால் எப்படியும் கிடைத்துவிடும் என்று ஆடுபவர் பலரும் எண்ணுவார்கள். ஆனால் 0.95-ஐ 20 முறை பெருக்கினால் ஏறத்தாழ 0.36 வருகிறது, அதாவது நூறு பேர் 20 முறை திறந்தால் அவர்களில் 36 பேர் வெறுங்கையோடு நிற்பார்கள். அந்த 36 பேருக்கு என்ன சொல்வது என்பதுதான் டிசைனரின் வேலை. குறிப்பிட்ட முறைக்குப் பிறகு பொருள் உறுதியாகக் கிடைக்கும்படி விதி வைக்கலாம். தோல்வி தொடரத் தொடர வாய்ப்பைச் சிறிது சிறிதாக ஏற்றலாம். அல்லது அந்தப் பெட்டியே வேண்டாம் என்று முடிவு செய்யலாம். மூன்றாவதைச் சொல்லும் துணிவும் இத்தொழிலில் தேவைப்படுகிறது. தணிக்கை அலுவலகத்தில் எக்செலோடு பழகிய இரண்டு ஆண்டுகளை வீணான காலம் என்று எண்ண வேண்டாம்.

இனி, எளிதில் யாரும் சொல்லித்தராத ஒன்று. நான் உருவாக்கிய முதல் தளத்தில், வெளியேறும் கதவை ஆடுபவர் நுழைந்த இடத்துக்கு மேலே ஒரு மாடத்தில் வைத்திருந்தேன். எனக்கு அது மிக நயமான யோசனையாகத் தெரிந்தது. ஆடிப் பார்க்க வந்த எட்டுப் பேரில் ஏழு பேர் ஒருமுறைகூட மேலே பார்க்கவில்லை. அவர்களுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கு, மேலே பாருங்கள் என்று சொல்லிவிட நாக்கு துடித்தது. சொல்லக் கூடாது, ஏனெனில் கேமை வாங்குபவரின் பின்னால் நான் உட்கார்ந்திருக்கப் போவதில்லை. அன்றிரவு ஒரு பறவையை அந்த மாடத்திலிருந்து பறந்து போகச் செய்தேன். மறுநாள் வந்தவர்களில் பெரும்பாலானோர் தாமாகவே நிமிர்ந்து பார்த்தார்கள். வாயை மூடிக்கொண்டு பார்ப்பதும், பார்த்தது நம் எண்ணத்துக்கு மாறாக இருந்தால் நம் எண்ணத்தைக் கைவிடுவதும் பழகப் பழகத்தான் வரும். எனக்கு மூன்று ஆண்டுகள் ஆயின.

சோதிக்க வழி கேட்டீர்கள். கணினியே வேண்டாம். தரையில் ஆடு புலி ஆட்டத்தின் கட்டத்தை வரையுங்கள். 23 புள்ளிகள், 3 புலிகள், 15 ஆடுகள். முதலில் வழக்கமான விதிப்படி பத்து ஆட்டங்களை வேறு இருவரை ஆடவிட்டு, நீங்கள் ஒவ்வொரு நகர்வையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரே ஒரு விதியை மட்டும் மாற்றி மீண்டும் பத்து ஆட்டங்கள். புலிகள் ஆடுகளைத் தாண்டித் தின்னப் பார்க்கும், ஆடுகள் புலிகளைச் சுற்றி வளைத்து அடைக்கப் பார்க்கும். இரண்டு தரப்புக்கும் வெவ்வேறு எண்ணிக்கை, வெவ்வேறு வலிமை, வெவ்வேறு வெற்றி; இருந்தும் ஆட்டம் சமமாக நிற்கிறது. சமனற்ற இரு தரப்புகளைச் சமன் செய்வது எங்கள் தொழிலிலேயே கடினமான வேலைகளுள் ஒன்று. அதற்கான பாடம் நம் கோயில் மண்டபங்களின் தரைக்கற்களில் செதுக்கப்பட்டுக் கிடக்கிறது. மூன்று வாரம் செய்து பார்த்துவிட்டு, என்ன கண்டீர்கள் என்பதை இங்கே எழுதுங்கள். குறிப்பெடுப்பது சலிப்பாக இருந்ததா, அல்லது நேரம் போனதே தெரியவில்லையா என்பதையும் எழுதுங்கள்.


நொய்யல் நிரலர் எழுதியது:

தளக்கோடு அம்மையார் சொன்ன அனைத்தையும் ஏற்கிறேன். அவர் தொடாமல் விட்ட கோடிங் பற்றி மட்டும் நான் எழுதுகிறேன். நானும் நண்பர்கள் இருவரும் கோவையில் சிறிய அளவில் கேம்கள் உருவாக்குகிறோம்.

நூற்றுக்கணக்கானோர் பணியாற்றும் ஸ்டூடியோவில் டிசைனர் நிரல் எழுதாமலேயே காலம் தள்ளலாம். ஆனால் இன்று உங்களுக்கு ஸ்டூடியோ இல்லை, நிரலரும் இல்லை. உங்கள் யோசனையைத் திரையில் ஓடவைக்க நீங்கள் ஒருவர்தான் இருக்கிறீர்கள். நோட்டுப் புத்தகத்தில் இருக்கும் யோசனை எப்போதும் நன்றாகவே இருக்கும். அதன் குறைகள் ஓடவிட்டுப் பார்க்கும்போதுதான் தெரியவரும். ஆகவே, பிழைப்புக்காக நிரல் எழுதுமளவுக்குத் தேர்ச்சி வேண்டாம் என்றாலும், ஒரு கேமின் சோதனை வடிவத்தைத் தனியாக உருவாக்குமளவுக்குக் கோடிங் தெரிந்தே ஆக வேண்டும் என்பது என் கருத்து. கணிதம் படித்தவருக்கு இதில் அச்சம் தேவையில்லை. மாறிகள், நிபந்தனைகள், சுழல்கள், திசையன்கள், கொஞ்சம் முக்கோணவியல் ஆகியவற்றோடு முதல் ஓராண்டுக்கான பாடம் முடிந்துவிடும். அவற்றுள் பாதி உங்களுக்கு முன்பே தெரியும்.

எந்த இன்ஜின் என்ற கேள்வி அடுத்து வரும். யூனிட்டியில் சி ஷார்ப் மொழியும், அன்ரியலில் சி பிளஸ் பிளஸ் மொழியும் பயன்படுகின்றன. அன்ரியலில் பெட்டிகளைக் கோடுகளால் இணைத்தே நிரலமைக்கும் புளூபிரின்ட் என்ற வசதியும் உண்டு. தொடங்குபவருக்கு நான் பரிந்துரைப்பது கோடோ. 2014-இல் திறந்த மூலமாக வெளியிடப்பட்ட இது முற்றிலும் இலவசம்; பழைய மடிக்கணினியிலும் ஓடும்; இதன் மொழி பைத்தானைப் போல எளிமையானது. 2023 செப்டம்பரில் யூனிட்டி, கேம் நிறுவப்படும் ஒவ்வொரு முறைக்கும் கட்டணம் வசூலிக்கப் போவதாக அறிவித்தபோது பல சிறு குழுக்கள் கலங்கிப்போயின. எதிர்ப்பு வலுத்து, ஓராண்டு கழித்து அத்திட்டம் கைவிடப்பட்டது. எங்கள் குழுவும் அந்த நாள்களில் உறக்கமின்றித் தவித்தது. ஒரே கருவியோடு நம்மைக் கட்டிப்போட்டுக்கொள்ளாமல், எந்தக் கருவியிலும் செல்லுபடியாகும் அடிப்படைகளைக் கற்க வேண்டும் என்பதை அப்போதுதான் உணர்ந்தோம்.

முதல் கேமாக எதைச் செய்வது? 1972-இல் வெளிவந்த பாங். இரண்டு மட்டைகள், ஒரு பந்து. அதை அப்படியே செய்து முடித்த பிறகு, பந்து மட்டையின் ஓரத்தில் பட்டால் என்ன கோணத்தில் திரும்ப வேண்டும் என்பதை மட்டும் பத்து விதமாக மாற்றிப் பாருங்கள். பத்தும் பத்து வேறு கேம்களாக உணரப்படும். பெரிதாகத் தொடங்க வேண்டாம் என்று நான் மன்றாடிக் கேட்டுக்கொள்வதற்குக் காரணம் உண்டு. எங்கள் முதல் முயற்சியில் 40 ஆயுதங்கள், 6 நாடுகள் என்று திட்டமிட்டு இரண்டு ஆண்டுகள் உழைத்தோம். ஆடிப் பார்த்த எவரும் மூன்றாவது ஆயுதத்துக்கு மேல் போகவில்லை, ஏனென்றால் முதல் ஆயுதத்தை வீசுவதே இன்பமாக இல்லை. அதை முதல் வாரத்திலேயே சோதித்திருக்கலாம். ஸ்டார்டியூ வேலியை ஒரே மனிதர் உருவாக்கினார் என்ற செய்தியைப் படித்துவிட்டுப் பலர் கிளம்புகிறார்கள். அவர் நான்கு ஆண்டுகளுக்கு மேல் உழைத்த பிறகே அது 2016-இல் வெளிவந்தது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். மறுபக்கம், செலஸ்டின் முதல் வடிவம் நான்கே நாள்களில் செய்யப்பட்ட சிறு கேம்.

அதனால்தான் கேம் ஜாம்களில் கலந்துகொள்ளச் சொல்கிறேன். 2009 முதல் ஆண்டுதோறும் நடைபெறும் குளோபல் கேம் ஜாமில், கொடுக்கப்பட்ட கருப்பொருளை வைத்து 48 மணி நேரத்துக்குள் ஒரு கேமை முடிப்பதே மரபாக இருந்து வருகிறது. முடிக்கும் பழக்கம் அங்கேதான் வரும். முடித்ததை இட்ச் தளத்தில் கட்டணமின்றி வெளியிடலாம். கேம்களை விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் வெளியிட ஒரு கேமுக்கு 100 டாலர் கட்ட வேண்டும். விற்பனையில் பொதுவாக 30 சதவீதத்தை அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். அதெல்லாம் பிறகு. இப்போதைக்கு உங்களுக்கு ஆக வேண்டிய செலவு மின்கட்டணம் மட்டுமே.


மேடைக்குறிப்பு எழுதியது:

நான் சென்னையில் வடிவமைப்புப் பாடம் நடத்துபவன். வேலைக்கு ஆள் எடுக்கும் குழுக்களிலும் சில முறை அமர்ந்திருக்கிறேன். டிப்ளமோவைப் பற்றியும் வேலைவாய்ப்பைப் பற்றியும் எழுதுகிறேன், அம்மா.

ஆடிப் பார்க்கக்கூடியதாக ஒன்றைக்கூடக் காட்டவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அந்த ஒரு வரியே உங்களுக்குத் தேவையான பதில் என்று கருதுகிறேன். முப்பரிமாண மாதிரிகள் செய்வது மதிப்புள்ள தொழில்தான். ஆனால் அது கேம் ஓவியரின் தொழில். டிசைன் கற்பிப்பதாகச் சொல்லும் எந்த நிறுவனத்திலும், முன்னாள் மாணவர்கள் உருவாக்கிய மூன்று கேம்களை உங்கள் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். பாடம் நடத்துபவர் எந்த வெளிவந்த கேமில் பணியாற்றினார் என்று கேளுங்கள். இரண்டுக்கும் நேரான பதில் இல்லையென்றால் நான்கரை லட்சத்தை அங்கே கொடுக்க வேண்டாம். முறையாகப் படித்தே தீர வேண்டும் என்று விரும்பினால், தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் பெங்களூரு வளாகத்தில் டிஜிட்டல் கேம் டிசைன் என்ற முதுநிலைப் படிப்பு இருக்கிறது. பட்டதாரிகள் நுழைவுத் தேர்வு எழுதிச் சேரலாம், போட்டி கடுமையானது. அந்த நுழைவுத் தேர்வுக்கு நீங்கள் தயாராவதே நல்ல பயிற்சியாக அமையும்.

ஆள் எடுக்கும்போது நாங்கள் சான்றிதழைக் கடைசியாகத்தான் பார்ப்போம். அமெரிக்காவில் டிஜிபென் என்ற கல்லூரியின் மாணவர்கள் 2005-இல் நார்பாகுலர் டிராப் என்ற சிறிய கேமை உருவாக்கினார்கள். சுவரில் இரண்டு வாயில்களைத் திறந்து ஒன்றில் நுழைந்து மற்றொன்றில் வெளிவரலாம் என்பதே அதன் ஒரே யோசனை. அதைப் பார்த்த வால்வ் நிறுவனம் அந்தக் குழுவையே வேலைக்கு எடுத்துக்கொண்டது; 2007-இல் வெளிவந்த போர்ட்டல் அதிலிருந்து வளர்ந்ததுதான். மாணவர் கேமின் ஓவியம் எளிமையானது. யோசனையோ அதை ஆடிய எவருக்கும் ஐந்து நிமிடத்தில் விளங்கியது. வேலை கேட்கும்போது காட்டும் உங்கள் படைப்புத் தொகுப்பும் (போர்ட்ஃபோலியோ) அப்படி இருந்தால் போதும். படம் வரைய வராது என்பது தடையே அல்ல. ஓர் அறையின் மேற்பார்வைப் படத்தைப் பெட்டிகளாலும் அம்புக்குறிகளாலும் புரியும்படி வரைய வந்தால் அதுவே நிறைவு.

வேலைவாய்ப்பை அழகுபடுத்திச் சொல்ல விரும்பவில்லை. பெங்களூரில் 1997-இல் துருவா இன்டராக்டிவ் தொடங்கப்பட்ட காலம் முதல், இந்திய ஸ்டூடியோக்களில் பல வெளிநாட்டு கேம்களுக்கு ஓவிய வேலையும் சோதனை வேலையும் செய்துகொடுத்தே வளர்ந்தன. டிசைன் முடிவுகள் பெரும்பாலும் வெளிநாட்டில் எடுக்கப்பட்டன. ஆகவே ஓவியர், நிரலர் இடங்களோடு ஒப்பிட்டால் டிசைனர் இடங்கள் குறைவு. இருப்பவை பெங்களூரு, புனே, ஐதராபாத், மும்பை நகரங்களில்தான் மிகுதி. 2023, 2024 ஆண்டுகளில் உலகம் முழுவதும் கேம் நிறுவனங்கள் ஆயிரக்கணக்கானோரை வெளியேற்றின. பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களை 2025 ஆகஸ்டில் நடுவண் அரசு சட்டம் இயற்றித் தடை செய்தபின், அந்நிறுவனங்களில் இருந்த அனுபவசாலிகள் பலரும் வேலை தேடும் வரிசையில் நிற்கிறார்கள். அந்தச் சட்டத்தை நான் வரவேற்கிறேன்; ஆனால் புதிதாக வருபவருக்குப் போட்டி கூடியிருப்பதையும் மறைக்க முடியாது. மொபைல் புதிர் கேம்களில் கட்டங்கள் அமைக்கும் பணியும், கேம்களைச் சோதிக்கும் பணியும் புதியவர்களுக்கு ஓரளவு திறந்திருக்கும் வாயில்கள். இப்போதுள்ள வேலையை விடாமல், மாலை நேரங்களில் ஓராண்டு முயலுங்கள் என்பதே உங்கள் தந்தையின் இடத்திலிருந்து நான் சொல்லக்கூடியது.

இன்னொன்றையும் சொல்ல ஆசைப்படுகிறேன். 2023-இல் டொராண்டோவைச் சேர்ந்த விசை கேம்ஸ் வெளியிட்ட வெண்பா, 1980-களில் கனடாவில் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. தாயின் சமையல் குறிப்பேடு கிழிந்தும் அழிந்தும் இருக்கிறது. இட்லி முதலான பண்டங்களைச் செய்யும் முறையை ஆடுபவர் ஊகித்து நிரப்ப வேண்டும். அழிந்த எழுத்துகளை நிரப்பும் அந்தச் செயலே, விட்டுப்போன மொழியையும் ஊரையும் மீட்கும் செயலாக ஆகிவிடுகிறது. விதியும் பொருளும் இப்படி ஒன்றாவதுதான் நல்ல டிசைன். 2024-இல் சிறந்த அறிமுக கேமுக்கான பிரிட்டனின் பாஃப்டா விருது அதற்குக் கிடைத்தபோது என் வகுப்பில் பிள்ளைகள் கைதட்டினார்கள்.


வைகைக்கரை எழுதியது:

மூன்று வாரங்கள் கழித்து எழுதுகிறேன். மூவருக்கும் என் நன்றி. தளக்கோடு அக்கா சொன்னபடி, திண்ணையில் சுண்ணாம்புக் கட்டியால் கட்டம் வரைந்து, புளியங்கொட்டைகளை ஆடுகளாகவும் கூழாங்கற்களைப் புலிகளாகவும் வைத்து, என் அப்பத்தாவையும் தம்பியையும் ஆடவிட்டேன். மொத்தம் 33 ஆட்டங்கள்.

15 ஆடுகளோடு நடந்த பத்தில் ஆடுகள் ஆறு முறையும் புலிகள் நான்கு முறையும் வென்றன. 12 ஆடுகளோடு நடந்த பத்தில் புலிகள் ஒன்பது முறை வென்றன, இதை எதிர்பார்த்தேன். நான் எதிர்பாராதது 18 ஆடுகளோடு நடந்தவை. ஆடுகள் எட்டு முறை வென்றன என்பதைவிட, இருவருமே ஆட்டத்தின் நடுவில் வேறு பேச்சுப் பேசத் தொடங்கினார்கள் என்பதுதான் என் குறிப்பில் மீண்டும் மீண்டும் வருகிறது. யோசித்துப் பார்த்தேன். 23 புள்ளிகளில் 3 புலிகள் போக 20 இடங்கள்தான் உள்ளன. 18 ஆடுகளை இறக்கி முடிப்பதற்குள் கட்டம் ஏறத்தாழ நிரம்பிவிடுகிறது; அதன் பிறகு நகர்த்த அதிக இடமில்லை. புலிகளைச் சுற்றி வளைக்க ஆடுகளை நகர்த்தும் இரண்டாம் பாதிதான் இந்த ஆட்டத்தின் சுவை. நான் எண்ணிக்கையைக் கூட்டியபோது அந்தப் பாதியே காணாமல் போய்விட்டது.

கடைசி மூன்று ஆட்டங்களில் வேறொரு விதியை மாற்றினேன். எல்லா ஆடுகளையும் இறக்கிய பிறகே நகர்த்தலாம் என்பது வழக்கம். இறக்கும்போதே நகர்த்தவும் செய்யலாம் என்று விட்டேன். ஆட்டம் விறுவிறுப்பாகும் என்று நினைத்தேன். மூன்றாவது ஆட்டத்தில் அப்பத்தா, புலி தாண்ட முடியாத ஓரத்தில் இருந்த ஓர் ஆட்டை இப்படியும் அப்படியும் நகர்த்திக்கொண்டே இருந்தார். புதிய ஆட்டை இறக்கவே இல்லை. புலிக்குத் தின்ன எதுவும் இல்லை. ஆட்டம் முடியவும் இல்லை. ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று தம்பி கேட்டதற்கு, நீதானே நகர்த்தலாம் என்றாய், இறக்கினால் சாகும், நான் ஏன் இறக்க வேண்டும் என்றார். அந்தப் பழைய விதி எதற்காக இருக்கிறது என்பது அந்த நொடியில் எனக்கு விளங்கியது. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை; அவ்வளவு மகிழ்ச்சியாக இருந்தது.

நேரம் போனது தெரிந்ததா என்று கேட்டிருந்தீர்கள், அக்கா. குறிப்பெடுத்த நோட்டில் 61 பக்கங்கள் நிரம்பிவிட்டன. கோடோவையும் நிறுவிவிட்டேன், பாங்கின் பந்து இப்போது மட்டையில் பட்டுத் திரும்புகிறது, சில வேளை மட்டையை ஊடுருவியும் போகிறது.


நொய்யல் நிரலர் எழுதியது:

பந்து மிக விரைவாகச் செல்லும்போதுதான் ஊடுருவும். திரையின் ஒரு சட்டகத்துக்கும் (ஃபிரேம்) அடுத்த சட்டகத்துக்கும் இடையில் அது மட்டையின் தடிமனைவிட அதிகத் தொலைவு நகர்ந்துவிடுவதே காரணம். வேகத்தைப் படிப்படியாகக் கூட்டி, எந்த எண்ணில் ஊடுருவத் தொடங்குகிறது என்பதை முதலில் நீங்களே கணக்கிட்டுக் கண்டுபிடியுங்கள். பிறகு திருத்தும் வழியைச் சொல்கிறேன்.


தளக்கோடு எழுதியது:

உங்கள் பதிவை என் குழுவில் இருப்பவர்களுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினேன், தங்கையே. உங்கள் அப்பத்தா செய்தது, விதியை மீறாமல் விதியின் நோக்கத்தை முறியடிப்பது. வெல்வதற்கான பாதுகாப்பான வழியும் ஆடுவதற்கு இன்பமான வழியும் வேறு வேறாகிவிட்டால், பெரும்பாலோர் பாதுகாப்பானதையே தேர்ந்தெடுத்து, பின்னர் கேம் சலிப்பாக இருக்கிறது என்று ஒதுக்கிவிடுவார்கள். தவறு அவர்களுடையது அல்ல, விதி எழுதியவருடையது. இதைக் கண்டுபிடிக்கச் சில ஸ்டூடியோக்கள் பல மாதங்கள் செலவிடுகின்றன.

இப்போது செய்ய வேண்டியது ஒன்று. 61 பக்கங்களையும் நான்கு பக்கங்களாகச் சுருக்குங்கள். என்ன மாற்றினீர்கள், என்ன நடக்கும் என்று நினைத்தீர்கள், என்ன நடந்தது, அதற்கு என்ன காரணம் என்று கருதுகிறீர்கள் என்பவை மட்டும் இருக்கட்டும். கட்டத்தின் படங்களைச் சேருங்கள். ஸ்டூடியோக்களில் ஆவணங்கள் ஆங்கிலத்தில்தான் எழுதப்படுகின்றன என்பதால் ஆங்கிலத்திலும் ஒரு படி வேண்டும். எளிய சொற்கள் போதும். உங்கள் போர்ட்ஃபோலியோவின் முதல் பகுதி அதுவே. பாங்கை முடித்த பிறகு இதே ஆட்டத்தைத் திரைக்குக் கொண்டுவாருங்கள். ஆடுகளின் எண்ணிக்கையையும் விதிகளையும் ஆடுபவரே மாற்றிப் பார்க்கும்படி அமையுங்கள். அனுப்பி வைத்தால் ஆடிப் பார்த்து, எந்தெந்த இடத்தில் தயங்கினேன் என்பதை நொடிக் கணக்கோடு எழுதி அனுப்புகிறேன்.

அதற்கு முன் அப்பத்தாவிடம் ஒன்று கேட்டுச் சொல்லுங்கள். அவர் சிறுமியாக ஆடியபோது எத்தனை ஆடுகள் தின்னப்பட்டால் புலி வென்றதாகக் கொண்டார்கள்? ஊருக்கு ஊர் அந்த எண் வேறுபடுகிறது. உங்கள் 15 ஆடுகள் கணக்கில் ஆறுக்கு நான்கு என்று வந்ததற்கு அந்த எண்ணும் ஒரு காரணமாக இருக்கலாம்.